போர் லாக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி இது. 30 மீட்டருக்கு 20 மீட்டர் மனை. மூலைக்கு ஒன்றாக நான்கு போர்ஹோல் (மண்ணைப் பார்க்கப் போடும் துளை) போட்டு மண் ஆய்வு அறிக்கை வாங்கியிருக்கிறார்கள். எந்த ஆழத்தில் என்ன மண் வந்தது என்று துளைக்குத் துளை எழுதும் பதிவுதான் லாக். நான்கு லாக்கிலும் 2 மீட்டருக்குக் கீழே கெட்டிக் களிமண் என்றே இருக்கிறது. அஸ்திவாரத்துக்குத் தோண்டினால் நடுப்பகுதியில் 4 மீட்டர் ஆழம் வரைக்கும் தளர்ந்த மணலும் கொட்டி நிரப்பிய மண்ணும் வருகிறது. 6 மீட்டரில் தண்ணீர் என்று லாக்கில் போட்டிருக்க, 3 மீட்டரிலேயே ஊற்றெடுக்கிறது. "ஆய்வு செய்தவர்கள் ஏமாற்றிவிட்டார்களா? இல்லை என்றால் லாக்கை எதற்குத்தான் நம்புவது?"

அவசரப்பட்டு ஏமாற்று என்று முடிவு கட்ட வேண்டாம். நான்கு லாக்கும் ஒழுங்காகவே எழுதப்பட்டிருந்து, உங்கள் குழியும் இப்படியே இருக்க முடியும். ஒரு லாக் சொல்வது இவ்வளவுதான்: இந்த இடத்தில், இந்த நாளில், இந்தக் கருவியால் துளைத்தபோது, இந்த ஆள் கண்டது இது. அதற்கு மேல் நாம் படித்துக்கொள்வதெல்லாம் ஊகம். நல்ல ஊகமாக இருக்கலாம், ஆனாலும் ஊகம்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 மி.மீ. விட்டமுள்ள ஒரு துளையின் பரப்பு சுமார் 0.018 சதுர மீட்டர். நான்கு துளைக்கும் சேர்த்து 0.07. உங்கள் மனை 600 சதுர மீட்டர். ஆக, துளை பட்ட இடமே ஏறத்தாழ 8,500-இல் ஒரு பங்குதான். அதிலும் துளையிலிருந்து வந்த மண் முழுவதையும் யாரும் பார்ப்பதில்லை. வழக்கமான எஸ்.பி.டி. சோதனையில் (சுத்தியலால் குழாயை மண்ணுக்குள் அடித்து இறக்கும் சோதனை) 1.5 மீட்டருக்கு ஒரு தடவை, 450 மி.மீ. நீளத்துக்கு, 35 மி.மீ. உள்விட்டமுள்ள ஸ்ப்ளிட் ஸ்பூன் (நீளவாக்கில் இரண்டாகப் பிரியும்) குழாயில் வருவதுதான் கையில் கிடைக்கும் மண். அப்படிப் பார்த்தால் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு. அதுவும் குழாய் முழுக்க நிறைந்து வந்தால்!

இடைவெளி என்றதும் எல்லோரும் துளைக்கும் துளைக்கும் நடுவே உள்ள தூரத்தைத்தான் நினைப்பார்கள். ஒரே துளைக்குள்ளும் இடைவெளி உண்டு. 1.5 மீட்டரில் 450 மி.மீ. போக மீதி 1.05 மீட்டர் யார் கண்ணிலும் படாமல் போகிறது. வாஷ் போரிங் (தண்ணீரைப் பீய்ச்சித் துளைக்கும் முறை) என்றால், அந்த நீளத்துக்கு ஆதாரம் மேலே வரும் கலங்கல் தண்ணீரின் நிறமும், கம்பியைப் பிடித்திருக்கும் ஆளின் கை உணர்வும் மட்டும்தான். லாக்கில் 4.5 மீட்டரில் ஒரு கோடு போட்டு மேலே மணல், கீழே களிமண் என்று எழுதியிருந்தால், உண்மையான எல்லை 3.5-இல் இருந்து 4.5 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 60, 70 சென்டிமீட்டர் தடிமனுள்ள சேறு போன்ற ஒரு படிவம் இரண்டு சாம்பிளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால், அது லாக்குக்குள் வரவே வராது. ஆனால் காகிதத்தில் அந்தக் கோடு அரை மில்லிமீட்டர் பேனாவால் அழுத்தமாகப் போட்டிருக்கும். பார்ப்பவருக்கு அது அளந்து போட்ட கோடு மாதிரியே தெரியும்.

மெல்லிய படிவம் ஒன்று தப்பினால் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். இத்தாலியின் வயோன்ட் அணைக்குப் பக்கத்தில் 1963 அக்டோபர் 9 இரவு ஒரு மலைச்சரிவே நீர்த்தேக்கத்துக்குள் சரிந்தது. சுமார் 27 கோடி கன மீட்டர் பாறை. எழும்பிய அலை அணையைத் தாண்டிக் கீழே இருந்த ஊர்களை அடித்துப்போனதில் ஏறத்தாழ 2,000 பேர் இறந்தார்கள். சரிவு வழுக்கிய தளம், சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவே இருந்த, சில சென்டிமீட்டர் தடிமனுள்ள களிமண் படலங்கள் என்பது பின்னாளைய ஆய்வுகளில் தெளிவானது. விபத்துக்கு முன்பே அந்தச் சரிவில் துளைகள் போட்டிருந்தார்கள். அவற்றில் வழுக்குதளம் பிடிபடவில்லை.

சாதாரணக் கட்டட வேலையிலும் இதன் சின்ன வடிவம் உண்டு. 6 மீட்டர் களிமண் படிவம், மேலும் கீழும் மணல். பாரம் ஏறியதும் களிமண்ணிலிருந்து நீர் வடிய வேண்டிய தூரம் அதிகபட்சம் 3 மீட்டர். நடுவில் ஒரு விரற்கடை மணல் படலம் தொடர்ச்சியாக ஓடினால் அந்தத் தூரம் 1.5 ஆகிவிடும். அமிழ்வுக்கு ஆகும் காலம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நான்கு வருடம் என்று கணக்கிட்டது ஒரே வருடத்தில் முடிந்துவிடும். லாக் எழுதியவர் அந்தப் படலத்தைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். அல்லது ஒரு துளையில் மட்டும் வந்த மணல் திட்டைத் தொடர்ச்சியான படலம் என்று நினைத்து, நடக்காத வடிகாலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கலாம். இரண்டுமே நடக்கிறது.

அடுத்தது என் (N) மதிப்பு, அதாவது குழாயை இறக்க எத்தனை அடி தேவைப்பட்டது என்ற எண்ணிக்கை. லாக்கைக் கையில் எடுத்ததும் எல்லார் கண்ணும் நேராகப் போவது அந்தக் கட்டத்துக்குத்தான். அதிகம் தப்பாகப் படிக்கப்படுவதும் அதுதான். எஸ்.பி.டி.யில் 63.5 கிலோ சுத்தியல், 760 மி.மீ. உயரத்திலிருந்து விழும். குழாய் 450 மி.மீ. இறங்கும் வரை 150 மி.மீ.க்கு ஒரு தடவை அடிகளை எண்ணுவார்கள். முதல் 150-ஐ விட்டுவிட்டு, அடுத்த இரண்டின் கூட்டுத்தொகையே என் மதிப்பு. கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சுத்தியலின் ஆற்றல் முழுவதும் கம்பிக்குள் போவதில்லை. கயிற்றை உருளையில் சுற்றி இழுக்கும் பழைய டோனட் சுத்தியலில் 45 சதவீதம் போனால் பெரிது. நல்ல தானியங்கிச் சுத்தியலில் 80, 90 கூட வரும். அதனால்தான் 60 சதவீதத்தைப் பொது அளவாக வைத்து மாற்றிக்கொள்கிறோம். கயிற்றுச் சுத்தியலில் 12 வந்தால் 60-க்குத் திருத்தியது 9. அதே மண்ணில் 90 சதவீதச் சுத்தியலை வைத்து அடித்தால் 6-தான் வரும். 12-ம் 6-ம் ஒரே மண்! லாக்கில் சுத்தியல் என்ன வகை, ஆற்றல் அளந்தார்களா என்று ஒரு வரி இல்லை என்றால், இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் லாக்கைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

மணலில் இன்னொரு வில்லங்கம் உண்டு. நீர்மட்டத்துக்குக் கீழே துளைக்கும்போது துளைக்குள் தண்ணீரை வெளி மட்டத்துக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும். அவசரத்தில் கம்பியை வெடுக்கென்று உருவினால் உள்ளே மட்டம் இறங்கும். வெளித்தண்ணீர் அடியிலிருந்து பீறிட்டு வரும். மணல் கொதித்துத் தளர்ந்துபோகும். அடுத்த சோதனையில் என் மதிப்பு 5 என்று வரும். அந்த 5 மண்ணின் குணம் இல்லை, துளைத்தவர் செய்த வேலை. சரளை இருந்தால் தலைகீழ். ஒரு கல் குழாயின் வாயை அடைத்துக்கொண்டால் எண்ணிக்கை எகிறிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, மூன்று எண்ணையும் தனித்தனியாகப் பார்ப்பது. லாக்கில் 4, 7, 31 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என் மதிப்பு 38. அடர்ந்த மணல் என்று எழுதிவிடலாம். ஆனால் 300 மி.மீ. வரை 11 அடிதான் விழுந்திருக்கிறது. கடைசி 150-இல் குழாய் எதிலோ முட்டியிருக்கிறது. அது ஒற்றைக் கல்லா, சரளைப் படிவத்தின் தொடக்கமா, கீழே உள்ள கெட்டி மண்ணா என்பது அடுத்த சாம்பிளைப் பார்த்தால்தான் தெரியும். அறிக்கையில் வெறும் 38 என்று மட்டும் அச்சடித்துக் கொடுத்தால் இந்தச் செய்தி முழுவதும் தொலைந்துபோகிறது. இப்படி மூன்று எண்ணையும் தராத லாக்கை நான் பாதி லாக் என்றுதான் எடுத்துக்கொள்வேன். இன்னொன்று: ஆழம் கூடக் கூட 8, 10, 12, 14 என்று படிக்கட்டு மாதிரி அழகாக ஏறும் லாக்கைப் பார்த்தால் எனக்கு நிம்மதி வராது, சந்தேகம்தான் வரும். மண் அவ்வளவு ஒழுங்கான பிள்ளை கிடையாது.

களிமண்ணில் என் மதிப்பை வைத்து வலிமை சொல்வது இன்னும் பலவீனமான சங்கதி. ஸ்ப்ளிட் ஸ்பூனின் வெளிவிட்டம் 51 மி.மீ., உள்விட்டம் 35. உள்ளே வரும் மண்ணைவிட, குழாயின் சுவர் இடித்துத் தள்ளும் மண் அதிகம். பரப்பு விகிதம் 110 சதவீதத்துக்கு மேல் போகிறது. குலையாத சாம்பிளுக்கு மெல்லிய சுவர்க் குழாயில் அது சுமார் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆகவே ஸ்ப்ளிட் ஸ்பூன் மண், இது என்ன மண் என்று அடையாளம் காணத்தான் உதவும். அதை ஆய்வகத்தில் நசுக்கி வலிமை இவ்வளவு என்று அறிக்கையில் போட்டிருந்தால், அந்த வரியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

குழாயில் எவ்வளவு மண் ஏறியது என்ற கட்டத்தையும் விட வேண்டாம். 450-இல் 120 மி.மீ. மட்டும் வந்தது, அல்லது ஒன்றுமே வரவில்லை என்பதும் ஒரு தகவல்தான். நழுவி விழும் தளர்ந்த மணலோ, குழாய்க்குள் நுழையாத சரளையோ அங்கே இருக்கலாம். ஆய்வகத்துக்குப் போனது கையில் நின்ற மண் மட்டும். ஓடிப்போனதுக்கு யாரும் சோதனை செய்யவில்லை. வாஷ் போரிங்கில் தண்ணீரோடு நுண்மண் கழுவப்பட்டுப் போய்விடுவதால், வண்டல் கலந்த மணல் சுத்தமான மணல் என்று பதிவாவதும் இதே கதைதான்.

மண்ணின் பெயர் விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். களத்தில் கண்ணாலும் கையாலும் பார்த்து எழுதுவது ஒன்று, ஆய்வகச் சல்லடைக்குப் பிறகு திருத்தி எழுதுவது இன்னொன்று. 0.075 மி.மீ.க்குக் கீழான நுண்மண் 48 சதவீதம் என்றால் மணல் வகை. 52 என்றால் வண்டல் அல்லது களிமண் வகை. பெயர் மாறிவிட்டதே என்று மண்ணின் நடத்தையும் மாறிவிடாது. நிரப்பு மண்ணை அடையாளம் காண்பது இதைவிடக் கடினம். பக்கத்திலிருந்தே வெட்டியெடுத்துக் கொட்டிய சுத்தமான மண் என்றால், குழாயில் பார்க்கும்போது இயற்கை மண் போலவே இருக்கும். செங்கல் துண்டோ பிளாஸ்டிக்கோ மாட்டினால் அது அதிர்ஷ்டம்.

இப்போது உங்கள் தண்ணீர் பிரச்சினை. லாக்கில் 6 மீட்டர், குழியில் 3 மீட்டர். இதற்குப் பல வழி உண்டு. களிமண்ணில் தண்ணீர் ஊறித் துளைக்குள் மட்டம் நிலைக்க நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் ஆகும். துளைத்து முடித்த அன்றைக்கோ மறுநாளோ நாடாவை இறக்கி அளந்தால் பாதி வழியில் ஏறிக்கொண்டிருக்கும் மட்டம்தான் கிடைக்கும். துளை இடியாமல் இருக்கப் பெண்டோனைட் களிமண் குழம்பு பயன்படுத்தியிருந்தால் துளையின் சுவரே பூசி மெழுகினாற்போல் அடைபட்டிருக்கும். வறண்ட காலத்தில் துளைத்து மழைக்குப் பிறகு தோண்டினாலும் வித்தியாசம் வரும். மேலே உள்ள மணல் திட்டில் தேங்கி, கீழே உள்ள களிமண்ணால் தடுக்கப்பட்ட தொங்கு நீராகவும் இருக்கலாம். உங்கள் நிலைமையில் எனக்கு இதன் மேல்தான் சந்தேகம். நடுவில் ஒரு பழைய குட்டையோ பள்ளமோ தூர்ந்திருந்தால், சுற்றிலும் களிமண், உள்ளே மணல்; மழைத்தண்ணீர் அங்கேதான் போய் நிற்கும். "தண்ணீர் தென்படவில்லை" என்று லாக்கில் இருந்தால்கூட, துளை திறந்திருந்த சில மணி நேரத்தில் தென்படவில்லை என்றுதான் பொருள். நிலத்தடித் தளம் கட்டும் வேலையில் நீர்மட்டம் முக்கியம் என்றால், பீஸோமீட்டர் (நிலத்தடி நீரின் மட்டத்தை அளக்கும் குழாய்) வைத்து மாதக்கணக்கில் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பாறை வந்துவிட்டது என்று லாக்கில் எழுதியிருப்பதையும் கொஞ்சம் கிள்ளிப் பார்க்க வேண்டும். சுத்தியலால் 50 தடவை அடித்தும் குழாய் 150 மி.மீ. இறங்கவில்லை என்று நிறுத்திவிட்டு "பாறை" என்று முடிப்பது வழக்கமான குறுக்குவழி. அது ஒற்றை உருண்டைப் பாறையாக இருக்கலாம். குறைந்தது 3 மீட்டராவது கோர் (உருளையாக வெட்டியெடுக்கும் பாறைத் துண்டு) எடுத்துப் பார்க்காமல் தாய்ப்பாறை என்று சொல்லக்கூடாது என்பது நல்ல நடைமுறை. பெரிய உருண்டைகள் வரும் நிலத்தில் அதுவும் போதாது. கோர் எடுத்த பிறகும் சதவீதங்களைக் கண்மூடி நம்ப வேண்டாம். 150 செ.மீ. துளைத்ததில் 120 செ.மீ. கோர் கிடைத்தால் மீட்பு 80 சதவீதம். அதில் 10 செ.மீ.க்குக் குறையாத துண்டுகள் 30, 25, 18, 12 என்றால் மொத்தம் 85; துளைத்த நீளத்தில் அந்தத் துண்டுகளின் பங்கான ஆர்.க்யூ.டி. 57 சதவீதம். கணக்கு சரி. வராமல் போன 30 செ.மீ. என்ன? கெட்டிப் பாறை தண்ணீரில் கரைந்து ஓடாது. பெரும்பாலும் அங்கே இருந்தது சிதைந்த பாறையோ களிமண்ணோதான். அஸ்திவாரத்தின் தலைவிதியை முடிவு செய்வதும் அந்த 30 செ.மீ.யாகவே இருக்கும். தவிர, செங்குத்தான பிளவுகளை ஒரு செங்குத்துத் துளை அவ்வளவு எளிதில் வெட்டாது. ஆர்.க்யூ.டி. 95 என்று காட்டிய பாறை, பக்கவாட்டில் வெட்டியதும் பலகை பலகையாகப் பெயர்ந்து விழலாம்.

துளை எங்கே நின்றது என்பது தனிக் கேள்வி. நின்ற இடத்துக்குக் கீழே லாக் ஊமை. கனடாவில் வின்னிபெக் நகரை ஒட்டிய டிரான்ஸ்கோனாவில் 1913 அக்டோபரில் ஒரு பிரம்மாண்டமான தானியக் கிடங்கு, தானியம் நிரப்பிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தது. நின்றபோது சாய்வு சுமார் 27 டிகிரி. கட்டுவதற்கு முன் அஸ்திவார மட்டத்தில் தாங்குதிறன் சோதனை செய்துதான் இருந்தார்கள். மேல் களிமண் கெட்டியாகவே இருந்தது. அகலமான கட்டடத்தின் பாரம் ஆழமாக இறங்கும் என்பதும், கீழே களிமண் மெத்தென்று இருப்பதும் அந்தச் சோதனைக்குத் தெரியாது. 1950-களில் பக்கத்தில் துளை போட்டுப் பார்த்தபோதுதான் கணக்கு நேரானது. அஸ்திவாரம் அகலமாக ஆக, துளையும் ஆழமாகப் போக வேண்டும்.

கடைசியாக, லாக்குகளை வரிசையாக நிறுத்தி நடுவில் கோடு இழுக்கும் குறுக்குவெட்டுப் படம். அறிக்கையிலேயே அதிகம் நம்ப வைக்கும் படம் அதுதான். பழைய ஏரிப் படுகையில் அந்தக் கோடுகள் பெரும்பாலும் சரியாகவே வரும். படிவங்கள் தூரத்துக்குத் தொடர்ந்து போகும். ஆற்றுப் படிவில் பத்து மீட்டருக்குள் மணல் முடிந்து களிமண் தொடங்கிவிடும். சுண்ணாம்புப் பாறையில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவே குகையே இருக்கலாம். சுவிட்சர்லாந்தின் லோட்ஷ்பெர்க் சுரங்கப்பாதையைத் தோண்டும்போது, 1908 ஜூலை 24 அன்று, தலைக்கு மேலே போதுமான பாறை இருக்கும் என்று நம்பிய இடத்தில், பனியாறு அரித்துப் பின்னால் சரளை நிரம்பிய பள்ளத்தாக்குக்குள் போய் முட்டினார்கள். தண்ணீரும் சரளையும் உள்ளே பாய்ந்து 25 பேர் இறந்தார்கள். பாதையையே வளைத்துக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அதனால் எத்தனை துளை, எவ்வளவு இடைவெளி என்பதை நிலத்தின் கதையைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மூலைக்கு ஒன்று என்று கட்டட வரைபடத்தைப் பார்த்துப் புள்ளி வைப்பது உட்கார்ந்த இடத்திலேயே செய்யும் வேலை. ஏமாற்று என்று உங்கள் விஷயத்தில் சொல்ல மாட்டேன். ஆனால் அதிகப் பாரம் வரும் நடுப்பகுதியில் ஒரு துளைகூட இல்லாதது குறைதான். "லாக்குகள் துளையிட்ட இடங்களுக்கு மட்டுமே பொருந்தும்" என்று அறிக்கையின் அடியில் ஒரு வரி போட்டிருப்பார்கள். அது உண்மையான வரிதான். ஆனாலும் துளையை எங்கே போடுவது என்று யோசிக்கும் பொறுப்பை அது தள்ளுபடி செய்யாது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? தளர்ந்த மண் தெரிந்த பகுதியில் கான்கிரீட் வேலையை நிறுத்திவையுங்கள். மண் ஆய்வு செய்த பொறியாளரையே குழிக்குள் இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் எதையும் மூட வேண்டாம். தோண்டிய சுவர்களை அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த லாக்கையும்விட அந்தச் சுவர் அதிகம் சொல்லும். அச்சடித்த லாக்கோடு நிற்காமல் களத்தில் எழுதிய மூல நோட்டைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் திடீரென்று குறைந்தது, கம்பி தானாக இறங்கியது, கேசிங் (துளைச் சுவரைத் தாங்கும் குழாய்) மாட்டிக்கொண்டது போன்ற குறிப்புகள் அங்கேதான் இருக்கும், தட்டச்சில் காணாமல் போயிருக்கும்.

பிறகு, தளர்ந்த பகுதியின் எல்லையைக் கண்டுபிடிக்க வேண்டும். 4 மீட்டர் ஆழத்துக்கு மலிவாகவும் தெளிவாகவும் முடிவது சோதனைக் குழிதான். தண்ணீர் வந்தால் சரிவு கொடுத்துத் தோண்ட வேண்டும், செங்குத்துச் சுவருக்குள் ஆளை இறக்கக் கூடாது. அதற்குக் கீழே கூம்பு ஊடுருவல் சோதனை, அதாவது சி.பி.டி., நல்ல துணை. 10 சதுர செ.மீ. கூம்பை நொடிக்கு 2 செ.மீ. வேகத்தில் அழுத்தி, சில சென்டிமீட்டருக்கு ஒரு அளவீடு எடுத்துக்கொண்டே போகும், 1.05 மீட்டர் குருட்டு இடைவெளி என்ற பேச்சே அதில் இல்லை. ஆனால் மண்ணை வெளியே கொண்டுவராது, சரளையில் நின்றுவிடும். ஆகவே நடுப்பகுதியில் ஒன்றிரண்டு போர்ஹோலும் கூடவே வேண்டும். ஒரு பீஸோமீட்டரைத் தளர்ந்த மணலிலும், இன்னொன்றைக் கீழே களிமண்ணிலும் வைத்தால் அது தொங்கு நீரா, உண்மையான நீர்மட்டமா என்பது தெரிந்துவிடும்.

எல்லை தெரிந்த பிறகு, தளர்ந்த மண்ணை எடுத்துவிட்டு மெலிந்த கான்கிரீட்டோ அடுக்கடுக்காக இறுக்கிய நல்ல மண்ணோ நிரப்புவதா, அந்தப் பகுதியைத் தாண்டும் ராஃப்ட் (கட்டடம் முழுவதுக்கும் ஒரே பலகையாகப் போடும் அஸ்திவாரம்) போடுவதா என்று பொறியாளர் முடிவு செய்யலாம். பாதி அஸ்திவாரம் களிமண்ணிலும் பாதி நிரப்பு மண்ணிலும் உட்காரும்படி மட்டும் விட்டுவிடாதீர்கள்; சமமில்லாத அமிழ்வில்தான் சுவர் விரிசல் விடும்.

புதிய துளைகளைப் போடும்போது ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பழைய லாக்கில் ஆழமெல்லாம் அன்றைய தரைமட்டத்திலிருந்து அளந்தது. இப்போது பாதி மனையைத் தோண்டிவிட்டீர்கள். தரையிலிருந்து 3 மீட்டர் என்று புதிய லாக்கிலும் எழுதினால் இரண்டும் வெவ்வேறு 3 மீட்டர். மனைக்கு வெளியே அசையாத ஒரு புள்ளியை வைத்து, பழைய நான்கு துளைகளின் வாய்மட்டத்தையும் புதியவற்றின் வாய்மட்டத்தையும் அதிலிருந்தே கணக்கிட்டு, எல்லா லாக்கையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.